எட்டு பிளக், ஒரு மிஸ்ஸிங்

பெட்ரோல் இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் அவ்வப்போது வெடிக்காமல் விட்டால், எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஸ்பார்க் பிளக்தான். பல நேரம் அது சரியாகவும் இருந்துவிடுகிறது. அதனாலேயே மேற்கொண்டு யாரும் யோசிப்பதில்லை. பிளக்கை மாற்று, போகவில்லையா, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்று, அதற்கும் போகவில்லையா, இன்ஜெக்டர். பர்ஸ் காலியாவதற்குள் வண்டி எப்படியோ சரியாகிவிடும், எதனால் சரியானது என்று மட்டும் கடைசி வரை தெரியாது. எனக்கு இந்த வழியில் உடன்பாடு இல்லை. சிலிண்டருக்குள் தலையை நீட்டிக்கொண்டு நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரே சாட்சி பிளக்தான். அதை விசாரிக்காமல் குப்பையில் போடுவானேன்? சில வண்டிகளில் கழற்றுவதற்கு முன்பே விசாரணையை ஆரம்பித்துவிட வேண்டும், ஏனென்றால் கழற்றுவதே கண்டம். என் வண்டி அந்த ரகம்.

2006 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப். 5.4 லிட்டர் வி8 இன்ஜின், சிலிண்டருக்கு மூன்று வால்வு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓடோமீட்டர் அப்போதே லட்சம் மைலைத் தாண்டியிருந்தது. நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் மச்சானுக்கு வீடியோ காலில் காட்டியபோது அவர் முதலில் கேட்டது, “ஏனுங்க மாப்ள, இத்தாம் பெரிய வண்டிக்கு பெட்ரோலா? கட்டுமா?” என்றுதான். அவர் கேட்டது நியாயம். நம்மூரில் பிக்கப் என்றால் பொலேரோ, தோஸ்த் என்று பெரும்பாலும் டீசல் வண்டிகள். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, இருந்தால் ஹீட்டர் பிளக். அது காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும். அமெரிக்காவில் இந்த அளவு வண்டிகளில் பெட்ரோல் வி8தான் வெகுகாலமாக சர்வ சாதாரணம். எட்டு சிலிண்டர், எட்டு பிளக், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில்.

நான் இருக்கும் ஹூஸ்டன் தட்டையான ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் மேடு என்று ஒன்று கிடையாது. ஆகவே இங்கே ஒரு வண்டிக்கு மிஸ்ஸிங் இருந்தால் நெடுநாள் வெளியே தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். என் வண்டியின் வண்டவாளம் பேடவுன் பக்கம் போகும் ஃப்ரெட் ஹார்ட்மன் பாலத்தில் ஏறும்போதுதான் தெரிந்தது. கப்பல்கள் அடியில் போக வேண்டும் என்று உயரமாகக் கட்டிய பாலம். பின்னால் மரச்சாமான் ஏற்றிய டிரெய்லர். ஆக்சிலரேட்டரை லேசாகக் கூட்டினேன், கியர் மாறவில்லை, டாப் கியரிலேயே இழுத்தது. அப்போது வண்டி முழுக்க ஓர் அதிர்வு, சாலை ஓரத்து ரம்பிள் ஸ்ட்ரிப்பில் டயர் ஏறியது போல. ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தி கியர் ஒரு படி இறங்கியதும் அதிர்வு போன இடம் தெரியவில்லை. பாலத்திலிருந்து இறங்கியபின் ஐடிலில் கேட்டால் இன்ஜின் சமர்த்தாக ஓடுகிறது.

இந்த நடத்தையிலேயே பாதி விஷயம் இருக்கிறது. பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் பொறி தாண்டுவதற்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: இடைவெளி எவ்வளவு, அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு. இரண்டில் எது கூடினாலும் வோல்ட்டேஜ் கூட வேண்டும். ஐடிலில் த்ராட்டில் மூடியிருக்கிறது, உள்ளே போகும் காற்று குறைவு, அழுத்தம் குறைவு, தேய்ந்த பிளக்கும் சமாளித்துவிடும். டாப் கியரில் ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது, மேட்டில் பாரத்தோடு த்ராட்டிலைத் திறந்தால் சிலிண்டர் நிறையக் காற்று வருகிறது. அழுத்தம் ஏறுகிறது. காயில் தன்னால் முடிந்த முப்பதாயிரம் வோல்ட் சொச்சத்தைக் கொடுத்துப் பார்க்கிறது. இடைவெளியைத் தாண்ட முடியாவிட்டால் அந்தச் சுற்றில் அந்த சிலிண்டர் வேலை செய்யாது. கியர் இறங்கினால் ஆர்பிஎம் கூடி, அதே வேலையைக் குறைந்த அழுத்தத்தில் செய்துவிடலாம். அதனால்தான் மிஸ்ஸிங் மறைகிறது. மறைந்துவிட்டதே என்று நிம்மதி அடைந்தவர்கள்தான் அடுத்த மாதம் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரும் போய் நிற்பார்கள்.

இடைவெளி ஏன் அகலமாகிறது? ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து ஓர் அணு அளவு உலோகத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது மைல் வேகத்தில் இன்ஜின் இரண்டாயிரம் ஆர்பிஎம் சுற்றுகிறது என்று வையுங்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி, ஆக நிமிடத்துக்கு ஆயிரம். அறுபது மைல் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். மைலுக்கு ஆயிரம் பொறி. லட்சம் மைலுக்குப் பத்துக் கோடி. முனையில் ஒட்டியிருக்கும் சிறு பிளாட்டினம் பொட்டு இத்தனையையும் தாங்கிவிட்டுத்தான் தேய்கிறது. இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லட்சம் மைலில் மாற்று என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. முந்தைய ஓனர் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

செக் இன்ஜின் விளக்கு பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் அவகாசம் உண்டு. மினுக் மினுக்கென்று அடித்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், முடிந்தால் ஓரம் கட்டுங்கள். மினுக்குகிறது என்றால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும் அளவுக்கு மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது என்று பொருள். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவில் பல செட் பிளக் வாங்கலாம்.

1996-லிருந்து அமெரிக்காவில் விற்கும் கார், பிக்கப் எல்லாவற்றிலும் ஓபிடி-2 உண்டு, வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு. மிஸ்ஸிங்கை அது கண்டுபிடிக்கும் விதம் அழகானது. தனியாக சென்சார் எதுவும் இல்லை. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தை அளக்கும் சென்சாரை வைத்தே வேலையை முடித்துவிடுகிறது. வி8-இல் 90 டிகிரிக்கு ஒரு சிலிண்டர் வெடித்து ஷாஃப்டுக்கு ஒரு தள்ளு கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் தள்ளு வரவில்லையோ அங்கே வேகம் துளி குறையும். அது எந்த சிலிண்டரின் முறை என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். அது பதிவு செய்யும் பிழை எண் பி0304 என்றால் நாலாவது சிலிண்டர். பி0300 என்றால் இன்னதென்று சொல்ல முடியாதபடி பல இடத்தில். லேசான மிஸ்ஸிங்குக்கு விளக்கே எரியாமல் போவதும் உண்டு. ஆனால் புளூடூத் ரீடரைச் செருகி போனில் மோட் 6 என்ற பக்கத்தைப் பார்த்தால், விளக்கைப் போடும் அளவுக்கு வராத மிஸ்ஸிங்கையும் சிலிண்டர் வாரியாக எண்ணி வைத்திருக்கும். பலர் இதைத் திறந்து பார்ப்பதே இல்லை. எனக்கு நாலாவது சிலிண்டரில் எண்ணிக்கை ஏகத்துக்கு இருந்தது, மற்ற ஏழிலும் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

ஃபோர்டு வி8-இல் ஒன்று முதல் நாலு வரை பாசஞ்சர் பக்கம், ஐந்து முதல் எட்டு வரை டிரைவர் பக்கம், முன்னாலிருந்து பின்னால். எல்லாக் கம்பெனிகளும் இப்படி எண்ணுவதில்லை. செவர்லேயின் வி8-இல் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். வேறு வண்டிக்காரர் சொன்னதைக் கேட்டு எண்ணினால் நல்ல பிளக்கைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இனி விசாரணை. நாலாவது காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றினேன். 7 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று, ஒரு கனெக்டர், அவ்வளவுதான் வேலை. காயில் கெட்டிருந்தால் மிஸ்ஸிங் அதோடு சேர்ந்து இரண்டாவது சிலிண்டருக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பிளக், அதுவும் இல்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று இறங்கிக்கொண்டே போகலாம். டிரெய்லரோடு ஒரு ஓட்டம் விட்டு வந்து பார்த்தால் மோட் 6 இரண்டுங்கெட்டானாகப் பதில் சொன்னது: நாலில் மிஸ்ஸிங் அப்படியே இருக்கிறது, இரண்டிலும் கொஞ்சம் ஆரம்பித்திருக்கிறது.

காயிலும் போய் பிளக்கும் போய்விட்டதா? அப்படித்தான் தோன்றும். இரண்டையும் வாங்கிப் போட்டிருந்தாலும் வண்டி சரியாகியிருக்கும். நாலிலிருந்து இரண்டுக்குப் போன காயிலின் ரப்பர் பூட்டை, அதாவது பிளக்கின் மேல் மாட்டும் உறையை, கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது. பிளக்கின் இடைவெளி அகலமாகிவிட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, எளிதான வேறு வழியைத் தேடும். பீங்கானின் வெளிப்புறமாக, ரப்பருக்கும் பீங்கானுக்கும் நடுவில் வழிந்து பிளக்கின் இரும்பு உடம்பில் இறங்கிவிடும். ஒருமுறை அப்படிப் போனால் அந்த வழியில் கரி படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும், ஆக அடுத்த முறை இன்னும் எளிது. பிறகு எவ்வளவு நல்ல பிளக்கைப் போட்டாலும் பழைய பூட் இருக்கும்வரை மின்சாரம் பழைய தடத்திலேயே போய்விடப் பார்க்கும். புதுப் பிளக் போட்டும் சில வாரத்தில் மிஸ்ஸிங் திரும்பி வருகிறது என்று புலம்புகிறவர்களில் பலரின் கதை இதுதான் என்பது என் ஊகம். பூட்டும் ஸ்பிரிங்கும் மட்டும் தனியாகக் கிடைக்கின்றன, விலை மிகக் குறைவு. காயிலோடு பூட்டும் இடம் மாறியதால்தான் இரண்டிலும் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. காயில் தேவையே படவில்லை.

ஆக குற்றவாளி தெரிந்துவிட்டது. ஆனால் இந்த இன்ஜினில் கஷ்டமே இனிமேல்தான்.

ஃபோர்டின் 5.4 லிட்டர் இன்ஜினின் பிளக் வரலாறு கொஞ்சம் வேடிக்கையானது. இதற்கு முந்தைய இரண்டு வால்வு இன்ஜினில், சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் அலுமினிய ஹெட்டில் பிளக்குக்கு மரை மிகக் குறைவு. மரை பிய்த்துக்கொண்டு ஓடும் வண்டியில் பிளக் காயிலோடு வெளியே பறந்த சம்பவங்கள் அமெரிக்க மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும். 2004-இல் எஃப்-150-க்கு வந்த மூன்று வால்வு இன்ஜினில் பிளக் நேர் எதிராக நடந்துகொண்டது: வெளியே வரவே மாட்டேன் என்றது. மூன்று வால்வுக்கு நடுவில் இடம் கிடைக்க வேண்டும் என்று பிளக்கை நீளமாக, ஒல்லியாகச் செய்தார்கள். மரைக்குக் கீழே ஒரு நீளக் குழல், அதன் நுனியில்தான் பொறி. அந்தக் குழல் பிளக்கின் உடம்போடு ஒரே துண்டு அல்ல, இரண்டு துண்டாகச் செய்து சேர்த்தது. குழலுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள மயிரிழை இடைவெளியில் கரி இறுகிவிடும். லட்சம் மைல் கழித்து ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் மேல்துண்டு கையோடு வரும், குழல் ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அதை இழுத்தெடுக்க என்றே தனிக் கருவி கடையில் விற்கிறார்கள். ஒரு பிளக்குக்காகத் தனிக் கருவி சந்தைக்கு வந்துவிட்டது என்றால் உடைந்தவை எத்தனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2008-இல் ஃபோர்டே டீலர்களுக்கு இதற்கான சர்வீஸ் குறிப்பை வெளியிட்டது. நான் அதைத்தான் பின்பற்றினேன். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ரிட்டயரான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், மெக்சிகோவிலிருந்து வந்து ஆயுள் முழுக்க இந்த வண்டிகளோடு புழங்கியவர். அவர் சூட்டோடு சூடாகக் கழற்றுவதுதான் நல்லது என்று அடித்துச் சொன்னார். இந்த விவாதத்துக்கு முடிவே கிடையாது. சூடான அலுமினிய மரையை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

முதலில் எல்லாக் காயிலையும் எடுத்துவிட்டு பிளக் குழிகளை காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். குழியில் கிடக்கும் மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் தொலைந்தோம். பிறகு ஒவ்வொரு பிளக்கையும் எட்டில் ஒரு சுற்று, மிஞ்சிப் போனால் கால் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. அந்தக் குழிக்குள் கார்புரேட்டர் கிளீனர் அரை முதல் முக்கால் டீஸ்பூன் வரை. அளவு கூடக் கூடாது. சிலிண்டருக்குள் திரவம் தேங்கி, பிஸ்டன் மேலே வரும்போது அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். மரையில் இறங்கிக் கரியை ஊறவைக்கக் குறைந்தது பதினைந்து நிமிடம் என்கிறது குறிப்பு. நான் அதைவிட அதிக நேரம் விட்டேன். பதினைந்து நிமிடத்துக்கும் அரை நாளுக்கும் இடையே எனக்கு எந்த அவசரமும் இல்லை.

கழற்றுவது கையால். இம்பாக்ட் கன்னை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள். ராட்செட்டில் கொஞ்சம் பலம் கொடுத்ததும் கீச்சென்று ஒரு சத்தம் வரும், துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற சத்தம். முதன்முறை கேட்டால் உடைந்தே விட்டது என்று வயிறு கலங்கும். உண்மையில் கரி விட்டுக்கொடுக்கும் சத்தம் அது. கீச்சு வந்ததும் நிறுத்தி, திருப்பி முறுக்கி, மறுபடி தளர்த்தி, இன்னும் துளி கிளீனர் விட்டு, முன்னும் பின்னுமாக. சத்தம் மெல்ல மெல்லக் குறையும். குறைந்துகொண்டே வந்தால் நல்ல அறிகுறி. சத்தமே இல்லாமல் திடீரென்று லேசாகச் சுற்ற ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும், கீழ்த்துண்டு பிரிந்திருக்கலாம். நாலாவது பிளக் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வாலை ஒட்டி, கையை விட்டால் கண் தெரியாது, கண் தெரிந்தால் கை நுழையாது. எக்ஸ்டென்ஷன் மேல் ஸ்விவல் போட்டு, தடவித் தடவித்தான் வேலை. எட்டும் முழுசாக வெளியே வந்தன. மெக்கானிக் ஸ்டூலிலிருந்து எழுந்து ஒவ்வொன்றாக எடுத்து குழலின் நுனியை விரலால் ஆட்டிப் பார்த்தார். நான் அதிர்ஷ்டக்காரன் என்பதுதான் அவர் தீர்ப்பு. கிளீனர் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசையில் ஓர் அட்டையில் செருகி வைத்தேன். மொத்தமாக டப்பாவில் போட்டால் சாட்சியம் கலந்துவிடும். நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் ஆரோக்கியம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமான கறுப்பு, எண்ணெய்ப் பசை என்றால் ரிங் அல்லது வால்வ் சீல். பீங்கான் வெள்ளை வெளேரென்று கொப்புளமாக இருந்தால் அதிகச் சூடு. எண்ணெய் நுனியில் இல்லாமல் மேல் பாகத்தில் மட்டும் இருந்தால் கலங்க வேண்டாம், அது வால்வ் கவர் கேஸ்கெட் கசிவு. துருக்கோடு இருந்தால் யாரோ இன்ஜினுக்குப் பிரஷர் வாஷ் அடித்திருக்கிறார்கள். என் எட்டிலும் நிறம் ஏறத்தாழ ஒன்றுதான், நல்ல நிறம். இடைவெளிதான் கதை சொன்னது. புதிதில் 1 முதல் 1.3 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டியது, கம்பி கேஜ் வைத்துப் பார்த்தால் எட்டிலும் அதைத் தாண்டியிருந்தது. நாலாவதில் பூட்டுக்குள் பார்த்த அதே கறுப்புக் கோட்டின் ஜோடி பீங்கானின் மேல் இருந்தது. பூட்டை மேலே வைத்துப் பார்த்தேன், கோடும் கோடும் பொருந்தின.

டிவிஎஸ் 50 ஓட்டிய தலைமுறைக்கு இங்கே ஒரு கை அரிக்கும்: உப்புத்தாளை எடுத்து நுனியைத் தேய்த்துத் திரும்பப் போட்டால் என்ன? டூ ஸ்ட்ரோக்கின் எண்ணெய்க் கரிக்கு அது சரியான வைத்தியம். பிளாட்டினம் பொட்டுள்ள பிளக்கில் செய்தால் பொட்டுதான் போகும், தேய்ந்த இடைவெளி தேய்ந்ததுதான்.

புதிதாகப் போட்டவை சாம்பியன் கம்பெனியின் ஒரே துண்டுப் பிளக்குகள். இந்தக் குழல் தொல்லைக்காகவே வந்தவை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஆல்பர்ட் சாம்பியன் என்கிற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர். அமெரிக்கா வந்து பிளக் செய்ய ஆரம்பித்தார், கூட்டாளிகளோடு முறிந்தது, பெயர் அவர்களிடம் போய்விட்டது. மிச்சிகனின் ஃப்ளிண்ட் நகருக்குப் போய்த் தன் இனிஷியலை வைத்து ஏசி என்று இன்னொரு பிளக் கம்பெனி தொடங்கினார். இன்றைய ஏசிடெல்கோவின் ஏசி அதுதான். கடை அலமாரியில் அருகருகே போட்டி போடும் இரண்டு டப்பாவிலும் இருப்பது ஒரே மனிதரின் பெயர்.

மாட்டுவதில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். டார்க் ரெஞ்சில் 34 நியூட்டன் மீட்டர், அதாவது 25 அடி-பவுண்டு. ஆரம்பத்தில் கையால் சுற்றி மரை பிடித்த பிறகே ரெஞ்ச். இறுகிப் பிடிக்காமல் இருக்கப் பூசும் நிக்கல் ஆன்டி-சீஸ் பசை குழலின் வெளிப்புறத்தில் மெல்லிய பூச்சாக, மரையில் வேண்டாம், நுனியில் படவே கூடாது. பூட்டுக்குள் துளி டைஎலக்ட்ரிக் கிரீஸ். எட்டுக்கும் புது பூட். ஒன்றுதான் கெட்டிருந்தது, ஆனால் மற்ற ஏழும் அதே வயசு.

கம்ப்யூட்டரில் பதிவானதை அழித்துவிட்டு டிரெய்லரோடு ஓட்டியபோது மோட் 6-இல் எட்டிலும் பூஜ்யம். ஐடிலில் கேட்கும் டக்-டக் சத்தம் மட்டும் போகவில்லை, போகும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அது வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் பேஸர், இந்த இன்ஜினின் இன்னொரு பிரசித்தம். பிளக்குக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

2004 முதல் 2008 வரையிலான 5.4 எஃப்-150 ஒன்றை வாங்கப் போகிறவர்கள் டயரையும் பெயிண்டையும் பார்ப்பதோடு ஒரு ரசீதையும் கேளுங்கள்: பிளக் மாற்றியாயிற்றா, ஒரே துண்டுப் பிளக்தானா? மாற்றியிருந்தால் முந்தைய ஓனர் உங்கள் தலைவலியைத் தாங்கிவிட்டார். மாற்றவில்லை என்றால் ஒரு ஹெட்டுக்குள் இரண்டு மூன்று குழல் உடைந்து நிற்கும் என்று வைத்து மெக்கானிக்கிடம் கூலி கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். விற்கிறவருக்கும் விஷயம் தெரிந்திருக்கும், பெரிதாக வாதாட மாட்டார்.